முதல் வரியைக் கொடுத்தவள்

தலையில் உருளைக்கிழங்குக் கூடை இருந்தாலும் ஃபலேசியின் வலது கை சும்மா இருக்காது. எதிரே வருகிறவளின் தோளைத் தட்டும். "விட்டுடாதடி, உன்னால முடியும்" என்பாள். ந்சேயு மலைச்சரிவில் பாதிப் பெண்கள் அந்தக் கை பட்டு நிமிர்ந்தவர்கள். எனக்குச் சாமியிடம் நம்பிக்கை கிடையாது. அந்தக் கையிடம் உண்டு.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வாத்தியம் இல்லை. ஒருத்தி முதல் வரியை எடுத்துக் கொடுத்தால்தான் சபை பாடும். வெகுகாலம் அந்த முதல் வரி ஃபலேசியுடையது. சந்தையில் கிழங்கு வறுத்து விற்கிற தலாந்திரா எண்ணெய்ச் சட்டியருகே பாட்டு முணுமுணுத்ததைக் காதில் வாங்கியவளும் அவள்தான். கூச்சப்பட்டவளை இழுத்து வந்து பாடகர் வரிசையில் நிறுத்தினாள்.

"வாயைத் திறடி. சாமி குடுத்த குரலை எண்ணெய்க்கா பாடிக் காட்டுற?"

தலாந்திரா வாயைத் திறந்தாள். ஃபலேசியின் நிம்மதி அன்றோடு போயிற்று.

பெண்கள் குலவையிட்டார்கள். இடுப்பில் சுற்றிய மேல்துணிகளை அவிழ்த்து, தலாந்திரா நடந்து போக மண்ணில் விரித்தார்கள். ஃபலேசிக்கு யாரும் துணி விரித்ததில்லை. அவள் தன் துணியின் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சில வாரங்களில் முதல் வரியும் கைமாறியது.

"நீ வளர்த்த பொண்ணு உன்னையே முந்திட்டாளே!" என்று சந்தையில் சீண்டினார்கள்.

"நான்தானே தள்ளிவிட்டேன். இவ்வளவு தூரம் போவான்னு கண்டேனா?" என்று சிரித்தாள். அன்று அவள் கூடையில் பாதிக் கிழங்கு விற்காமலே திரும்பியது.

பிறகு தலாந்திராவின் புருஷன் ஜைலோசி, அவள் லாரி டிரைவரோடு ஓடிவிட்டதாகக் கோயில் மூப்பர்களிடம் புகார் சொன்னான். அவன் அடித்த அடியில் அவள் தாய்வீட்டுக்குப் போனாள் என்பதே உண்மை. குற்றம் உறுதியானால் பெண்கள் சங்கத்தின் வெள்ளைச் சட்டையைக் கழற்ற வேண்டும். நற்கருணை கிடையாது, பாடகர் வரிசை கிடையாது, பின்பெஞ்சுதான். அடித்தவனோ பாடகர் வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தான். இதற்குக் கோயிலில் ஒழுங்கு என்று பெயர்.

அடிபட்ட அன்று தலாந்திரா ஓடிவந்தது ஃபலேசி வீட்டுக்கு. மினிபஸ் ஏற்றிவிட்டவளும் ஃபலேசிதான். வேறு சாட்சி கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், முதல் வரி தானாகத் திரும்பி வந்துவிடும்.

விசாரணைக்கு முந்தின நாள் என் வேலிக்கு அப்பால் ஃபலேசி வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு.

"யாருக்காக அக்கா பழகுறீங்க?" என்றேன்.

பாட்டு சட்டென்று நின்றது. "சாமி இல்லைங்கிறவனுக்கு எதுக்குப் பாட்டு? போய் உன் ரேடியோவை ரிப்பேர் பண்ணு!"

மறுநாள் மாமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. தாய்வீட்டிலிருந்து வந்த தலாந்திரா தரையில் உட்கார்ந்திருந்தாள். மூப்பர் கம்வெண்டோ கேட்டார்: "இவளுக்காகப் பேச யாராவது இருக்கீங்களா?"

ஃபலேசி வெகுநேரம் தன் துணி முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்தாள்.

"மூப்பரே, இவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியுது."

கூட்டம் சிரித்தது.

"இவ பாடுற ஞாயித்துக்கிழமை எனக்குச் சோளக்களி தொண்டையில இறங்காது. ஆனா லாரியும் இல்ல, டிரைவரும் இல்ல. ஒரு கண்ணைத் திறக்க முடியாம என் வீட்டுக்குத்தான் வந்தா. பஸ் ஏத்திவிட்டவ நான்."

"பொய்!" என்று ஜைலோசி கத்தினான்.

"அட போடா! பொய் சொல்றதுன்னா இவளுக்காகவா சொல்லுவேன்? உண்மையில எனக்குத்தான்டா நஷ்டம்!"

லாரி டிரைவர் கதை அதோடு செத்தது. ஆனாலும் மூப்பர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசிவிட்டு, புருஷனைக் கேட்காமல் போனது ஒருத்தியின் தப்பு, அனுப்பிவைத்தது மற்றவளின் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார்கள். இருவருக்கும் பின்பெஞ்சு. ஜைலோசிக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பாட்டு எடுக்கத் தெரிந்த இரண்டு பேரையும் பின்னால் உட்கார வைத்துவிட்டோம் என்பது மூப்பர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்வெண்டோவே தொடங்கினார், கூரையைத் தொடும் உச்சக் குரலில். இரண்டாம் வரியில் ஆண்கள் இருமினார்கள். மூன்றாம் வரியில் சபையே நின்றுவிட்டது.

ஃபலேசியின் வாய் திறந்தது. முதல் வரி அவள் நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் தலாந்திரா, வெள்ளைச் சட்டை இழந்த தோள்களைக் குறுக்கிக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

ஃபலேசி வாயை மூடினாள். வலது கை அந்தத் தோளைத் தட்டியது.

"எடுடி."

"நீங்க எடுங்கக்கா. உங்களோடது."

"எனக்கும் ஆசைதான். நான் மனசு மாறுறதுக்குள்ள எடுத்துடு!"

தலாந்திரா எடுத்தாள். பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் பின்னால் திரும்பினார்கள். மூப்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். குலவை எழுந்தது, மேல்துணிகள் அவிழ்ந்தன.

ஃபலேசி தன் துணியை அவிழ்க்கவில்லை. ஆனால் இரண்டாம் வரியை அவள்தான் பிடித்தாள், வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதல் சத்தத்தோடு.