பௌர்ணமி வந்தால் அடைத்த மூச்சு

அண்ணாமலையாரை நம்பும் சொந்தங்களே, கிரிவலப் பாதையிலேயே வீடு இருந்தும் ரொம்ப நாள் ஒரு பௌர்ணமிகூடச் சுற்றாமல் இருந்த ஒருத்தி எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு எனக்கு மூச்சடைப்பு வர ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கும். விரல்கள் மரத்துப்போகும். இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். மகள் சின்னவள், அவளை யார் பார்ப்பார்கள்? ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. "ஒண்ணுமில்லம்மா" என்று கேட்டுக் கேட்டே பயம் ஜாஸ்தியானது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். அதற்கும் கேட்கவில்லை.

ஒரு லேடி டாக்டர்தான் விசாரித்தார்.

"என்னைக்கெல்லாம் வருதும்மா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மேடம்."

"அன்னைக்கு வீட்ல என்ன விசேஷம்?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து கணவரின் சொந்தபந்தம் மொத்தமும் கிரிவலத்துக்கு எங்கள் வீட்டில்தான் இறங்கும். குளிக்கத் தண்ணீர், சாப்பாடு, படுக்கப் பாய், எல்லாம் நான் ஒருத்தி. முகம் சுளித்தால் ஊரில் பேச்சாகிவிடும். நல்ல மருமகள் என்ற பெயரை விட எனக்கும் மனசில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். "இதை வீட்ல சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. "மூச்சைத் திருப்பிக் கொடுப்பா" என்று அண்ணாமலையாரிடம் மட்டும் மன்றாடினேன்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம், சாம்பார் கொதிக்கும்போது அடைத்தது. காற்றுக்காக வாசலுக்கு ஓடினேன். தெரு முழுக்கக் கூட்டம், அரோகரா சத்தம். நிற்க முடியவில்லை. கால் நடக்க ஆரம்பித்தது. திரும்பு, திரும்பு என்று மனசு அடித்துக்கொண்டது; கால் கேட்கவில்லை. வாயு லிங்கத்துக்கு வந்தபோது மூச்சு சீராக இருந்தது. அங்கேயே நின்று தேம்பினேன். கூட்டிவந்தது அவர்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

சுற்றி முடித்து வந்தால் நாத்தனார் வாசலில் நிற்கிறார். என்னைத் தேடியதில் யாருமே கிரிவலம் போகவில்லை.

"சொல்லாம கொள்ளாம எங்கடி போயிட்ட?"

"சுத்திட்டு வந்தேன் அண்ணி. பௌர்ணமின்னாலே எனக்கு மூச்சு அடைக்குது. எல்லாருக்கும் ஒருத்தியா செய்ய என்னால முடியல."

அவர் என்னையே பார்த்தார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி? நீ சந்தோஷமா செய்யறன்னு இல்ல நெனச்சினு இருந்தோம்!"

இப்போது வருகிறவர்கள் வழியில் அன்னதானத்தில் சாப்பிடுகிறார்கள். ஒருவரும் இளைக்கவில்லை. நானும் மாதாமாதம் சுற்றுகிறேன். சில சமயம் முந்தின நாளே நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்தப் பெரிய அடைப்பு திரும்ப வரவில்லை. அண்ணாமலையாருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

காரணம் தெரியாத நோவில் தவிக்கிறவர்களே, டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணாமலையாரிடம் அழுங்கள், நிச்சயம் வழிவிடுவார். அவரிடம் அழுததை நாத்தனாரிடமும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.