மண்டகப்பட்டு குகைக்கோயிலும், உள்ளே நகராத நானும்

திண்டிவனத்தில் எங்கள் தெரு சங்கத்துக்கு என்னைத் தலைவராக்க நினைத்து, ஞாயிறு மாலை ஐந்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். தெருமுனையில் வேகத்தடை கேட்டு மனு கொடுக்க ஒருவர் முன்னால் நிற்க வேண்டுமாம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். வகுப்பிலேயே மாணவர்கள் அடங்கிய பிறகுதான் வாய் திறப்பேன். பதில் சொல்லப் பயந்து, அன்று காலை மண்டகப்பட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

7.20க்குப் பேருந்து. விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து செஞ்சி பேருந்தில் சுமார் இருபது கிலோமீட்டர், இருபது ரூபாய். (செஞ்சி வழியாகப் போனால் தூரம் குறைவு. எனக்கு விழுப்புரத்தில் பொங்கல் சாப்பிட வேண்டியிருந்தது.)

செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இக்கோயிலை அமைத்ததாகப் பல்லவ மன்னன் கல்வெட்டில் சொல்கிறான். பல வருடம் பாடமாக நடத்தியதுதான். நேரில் நின்றபோது வேறு தோன்றியது: இவ்வளவும் இல்லையென்றால் நான் வேலையைத் தள்ளிப்போட்டிருப்பேன்.

திரும்பும் பேருந்தில் நல்ல கூட்டம். உள்ளே இடம் இருந்தும் நான் வழியை மறித்து நின்றிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையோடு ஒரு பெண் படியிலேயே தொங்கினார்.

“தலைவரே, உள்ள போங்க” என்றார் நடத்துநர், என்னைப் பார்த்து.

செய்தி இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று திடுக்கிட்டேன். “நான் இன்னும் முடிவு பண்ணலைங்க” என்றேன்.

“உள்ள போறதுக்கு இன்னா முடிவு பண்ணணும்? நீங்க நவுந்தா அத்தினி பேரும் வருவாங்க. ஜல்தி.”

பேருந்தே சிரித்தது. நான்கு அடி நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், என் பின்னால் எல்லோரும் நகர்ந்திருந்தார்கள், மூட்டையும் ஏறிவிட்டது. அதற்குள் நடத்துநர் வேறு இருவரையும் ‘தலைவரே’ என்று அழைத்துவிட்டார். மன்னனும் பாறையைக் காட்டி ‘இங்கே’ என்று மட்டும் சொல்லியிருப்பான். மீதியை உளி பிடித்தவர்கள் முடித்திருப்பார்கள்.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள். சாலையிலிருந்து சற்று நடக்க வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். கோயிலைப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும்.

ஐந்து மணிவரை நான் காத்திருக்கவில்லை. 1.10க்கு விழுப்புரம் பேருந்து நிலையத்திலிருந்தே சங்கச் செயலாளருக்குப் போன் செய்து சம்மதம் சொன்னேன்.

“அப்பாடா. நாலு பேராண்ட கேட்டுட்டேன் சார், ஒருத்தரும் சிக்கல” என்றார்.

பரவாயில்லை. திங்கள் பத்து மணிக்கு மனுவோடு புறப்படுகிறேன். எத்தனை பேர் கூட வருவார்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.