சமயநல்லூர் பொட்டலில் ஒரு வானம்பாடிக் கூடு

கல்யாணத்துக்குக் கேமரா தூக்கிட்டுப் போனா பொண்ணு மாப்பிள்ளை சிரிப்பாங்க. கள்ளிக்கும் ஓணானுக்கும் தூக்கிட்டுப் போனா தெருவே சிரிக்கும். முள்ளுல சட்டையைக் கிழிச்சுக்கிட்டு வீட்டுல திட்டு வாங்குற என் கேமரா இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா! பழங்காநத்தத்துல எனக்கு ஸ்டூடியோ. சமயநல்லூர் தாண்டி ஒரு பொட்டல் பிளாட் ஆகப்போகுது. அதுக்குள்ள அங்க இருக்கிற செடி, பூச்சி, பறவை எல்லாத்தையும் படமெடுத்துரணும். அம்புட்டுதான் ஆசை.

பூவுக்குக் காத்திருந்தது

கள்ளிமுளையான்னு ஒரு செடி. இலை கிடையாது, விரல் விரலா சதைப்பிடிப்பா நிக்கும். அது பூக்கட்டும்னு ஒன்பது நாள் காலையில போய்க் காவல் கிடந்தேன். பத்தாம் நாள் போனா, ஆடு மேய்க்கிற பாண்டியம்மாக்கா பக்கத்துல உக்காந்து எதையோ நறுக்கு நறுக்குன்னு மென்னுக்கிட்டு இருக்காங்க. செடி இருந்த இடத்துல வெறும் அடித்தண்டு. அக்கா மடியில இருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டுனாங்க: "அதையே பாத்துக்கிட்டு இருந்தியே தம்பி, பசிச்சா பிச்சுத் திங்க வேண்டியதுதான? இதுல என்ன கூச்சம்?"

விசிறி ஓணான்

வெயில்ல குப்புறப் படுத்து எடுத்த படம். ஆண் ஓணான் தொண்டையை நீலமா விசிறி மாதிரி விரிச்சு நிக்குது. இதைப் பாத்தா மனசு இளகி ஒரு மூலையையாவது விட்டுவைப்பாங்கன்னு நம்பி, பிளாட் ஆபீஸ் மேனேஜர்கிட்டக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. எனக்கு நம்பிக்கையே வந்துருச்சு. கடைசியில சொன்னாரு: "படம் சூப்பர் சார். அந்த ஓணானை மட்டும் அழிச்சுக் குடுங்க, நோட்டீஸ்ல போட்டுருவோம்."

நாலு புல்லு

ஆபீஸ்ல சொன்ன தேதிக்கு முன்னாடியே ஜேசிபி வந்துருச்சு. அந்த நேரம் பாத்து ஒரு புல்லுக் குத்துக்கு அடியில வானம்பாடிக் கூடு, உள்ள ரெண்டு குஞ்சு. வண்டி ஓட்டுற சாதிக் பாய் கையைப் பிடிச்சுக் கெஞ்சுனேன்: "நாலே நாள் பாய், பறந்துரும்." மனுசன் அந்த மூலையை விட்டுட்டு மத்த இடத்துல வேலை பாத்தாரு.

மறுநாள் படமெடுக்க உக்காந்தேன். குஞ்சு முகத்துக்குக் குறுக்க நாலு புல்லு. படம் பளிச்சுன்னு வரணுமே! பிச்சுப் போட்டேன். நம்ம தொழில்ல எல்லாரும் செய்யறதுதான். படமும் பிரமாதமா வந்துச்சு.

அடுத்த நாள் கூடு காலி. கொஞ்சம் தள்ளி ரெண்டு காக்கா. தாய்ப் பறவை மேலயே சுத்திக்கிட்டுக் கத்துது. வெயிலையும் காக்கா கண்ணையும் மறைச்சது அந்த நாலு புல்லுதான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. பாவி, நானே காட்டிக் குடுத்துட்டேன். அப்படியே தரையில உக்காந்துட்டேன். சாதிக் பாய் வண்டியை நிறுத்திட்டு ஓடி வந்தாரு: "அல்லா மேல ஆணையா நான் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லண்ணே. யாருண்ணே இதுல கை வச்சது?"

அந்தக் குஞ்சுப் படத்தை நெட்டுல போட்டதுல இருந்து பாராட்டு வந்துக்கிட்டே இருக்கு, ஒருத்தர்கூட அங்க இருந்த புல்லு எங்கன்னு கேக்கல.