பாதி தேய்த்த கீறல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஈசூனில் நான் வேலை பார்க்கும் கார் பட்டறையில் நடந்தது இது. தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், காலையில் பட்டறை திறந்ததுமே வெள்ளைக் காரோடு வந்து நின்றார். இடது பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். கார்பார்க் தூணில் உரசிவிட்டது, மதியத்துக்குள் வேண்டும் என்றார். கடைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. தண்ணீர் தெளித்து, நைசான உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். பாதிக் கீறல் போய்விட்டது. நிமிர்ந்தபோதுதான் பக்கக் கண்ணாடியின் இடுக்கைப் பார்த்தேன். கட்டுமான ஊழியர்கள் சட்டைக்கு மேல் போடும் அங்கியின் பளபளப்பான பட்டை, விரல் அகலத்துக்குக் கிழிந்து மாட்டியிருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விடியற்காலையில் கிராஞ்சிப் பக்கம் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டதாகவும், பயத்தில் நிற்காமல் வந்துவிட்டதாகவும் சொன்னார்.

“நம்ம ஆளுதானே நீங்க. முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே.”

“அவர் உயிரோட இருக்காரான்னு தெரியுமா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார், தெரியாது என்று.

போலீசுக்கு நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். போனை எடுத்தார், எண்ணை அழுத்தாமல் என்னிடம் நீட்டினார். நான் அழுத்திக் கொடுத்தேன், அவர் பேசினார்.

வந்த அதிகாரி, மீதிக் கீறல் எங்கே என்று கேட்டார். நான்தான் தேய்த்தேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்குக் கூசிப்போனது.

அடிபட்டவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர். பின்னால் லாரியில் வந்தவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்ததால் பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போய், பாதிக் கீறலை நான் அழித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“நிக்கலைன்னா கூடப் பரவால்லண்ணே. அவரு திரும்பியாவது பாத்தாரா?” என்று மட்டும் கேட்டார்.

அதை நான் கார்க்காரரிடம் கேட்டிருக்கவில்லை.

இப்போதெல்லாம் கீறல் எப்படி விழுந்தது என்று விவரமாகக் கேட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள்; ஆனாலும் அன்று கேட்காமல், பார்க்காமல் நான் அழித்த பாதிக்கு நான்தான் பொறுப்பு என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.