மோன்ஸுக்கு வெயில் காட்டுகிறவர்

மணிக்கட்டின் உட்புறத்தைப் புல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் போடில். குழந்தையின் பாலுக்குச் சூடு பார்ப்பதைப்போல. வலது கையில் கத்தரிக்கோல் அப்படியே இருக்கிறது. உள்ளே நாற்காலியில், பாதி முடி வெட்டிய தலையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் தொட்டுப் பார்க்கிறார். பிறகு சுவரோரம். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "காஞ்சிருச்சு. மண்ணுக்குள்ளயும் சூடு எறங்கியிருக்கு" என்கிறார். சற்று நேரத்தில் சலூனின் தெருக்கதவில் ஓர் அட்டை தொங்குகிறது: "வெயில் அடிக்கிறது. பின்பக்கம் வரவும்."

டென்மார்க்கின் தென்கடலில் இருக்கும் எங்கள் தீவில் அந்த அட்டை அடிக்கடி தொங்காது. தொங்கும் நாளில் வாடிக்கையாளர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தலையில் முடி சுருட்டும் ரோலர்களோடு, ஈரத் துண்டோடு, காப்பிக் கோப்பையோடு பின்தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். நடுவில் பழைய புத்தக அலமாரியின் பலகைகள் நான்கைச் சேர்த்து அடித்த, அடிப்பலகை இல்லாத ஒரு பட்டி. கடற்காகம் கொத்தாமலிருக்க மேலே ஜன்னல் திரைச்சீலை. பாதி வெயிலில், பாதி திராட்சைச் செடியின் நிழலில். உள்ளே கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டி. அதிலிருந்து ஒரு மூக்கு வெளியே வரும். கறுப்பாக, ஈரமாக, எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல் காற்றைத் தொட்டுத் தொட்டு.

அதுதான் மோன்ஸ். முள்ளெலி. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போன ஒரு பெண், ரெண்டு வாரம் பாத்துக்கங்க என்று விட்டுப்போனவள் திரும்பவே இல்லை. பெயர் மட்டும் போடில் வைத்தது. "இவளோட முதல் புருஷன் பேரு அது" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார் ஹென்னி. எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் தீவுக்கு வந்துபோகும் கப்பலில் சமையல்காரி. "அவனும் இப்படித்தான். தொட்டா சுருண்டுக்குவான். ராத்திரி பூரா நடப்பான்."

"இவன் வீட்டுக்கு வந்துருவான்ல" என்பார் போடில், சீப்பை வாயிலிருந்து எடுக்காமலே.

கண்ணாடியைப் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். நேரில் பேசும்போதும் பார்வை நம் தோளுக்கு மேலே எங்கோ நிற்கும். புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பின்னால் யார் என்று. மோன்ஸிடம் பேசும்போது மட்டும் நேராகப் பார்ப்பார், அதுவும் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னம் புல்லில் அழுந்த. அந்த நிலையில் அவர் முகத்தில் வயது தெரியாது.

மோன்ஸை வெளியே விடுவதற்கு அவரிடம் சடங்குபோல் சில வேலைகள் உண்டு. ஏப்ரல் பிறந்ததும் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்டு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குப் போவார். "நத்தையக் கொல்ற மருந்து தூவுனீங்களா? தூவப் போறீங்களா? சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்." கேக்கைத் தின்றுவிட்டு யார் தூவுவார்கள்? வெயில் நாளில் பட்டி வைக்கும் முன் புல்லை விரலால் கோதி, மோன்ஸ் தின்றுவிடாதபடி நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போடுவார். ஊர் முள்ளெலிகள் இரவில் வந்து போன தடமிருந்தால் அந்த இடமே வேண்டாம். "அவங்க ஊர்க்காரங்க. அவங்களுக்குத் தாங்குற பூச்சி, நோயி இவனுக்குத் தாங்காது. இவன் வகையறா ஆப்பிரிக்கா." குளிரும் அப்படித்தான். இங்கத்திய முள்ளெலி பனிக்காலம் முழுக்கத் தூங்கி எழுந்துவிடும். மோன்ஸுக்குக் குளிரில் தூக்கம் வந்தால் அவன் எழமாட்டான்.

"அப்படின்னா எதுக்கு வம்பு? உள்ளயே வெச்சிக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"குளிர்காலம் பூரா நாங்க ரெண்டு பேரும் உள்ளதான கெடக்கோம்" என்றார் என் தோளுக்கு மேலே பார்த்து. "மண்ணு மூக்குல பட்டதும் அவன் மூஞ்சியப் பாரு. அதுக்கப்புறம் கேளு."

பார்த்தேன். பட்டியின் ஓரத்தில் அவன் நின்றுவிட்டான். மூக்கு ஒரு புல்லின் அடியைத் தொட்டது. முதுகு முள்ளெல்லாம் மெல்ல அமர்ந்து, காற்றடித்து ஓய்ந்த வயல்போல் ஆயிற்று. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் தேவாலயத்தில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு. தீவெங்கும் கொடிக்கம்பங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் சீட்டு கொடுக்கும் லோனே தன் மகள் தில்டேயை முடி சுருட்ட அழைத்து வந்திருந்தாள். ஹென்னியின் தலையில் அப்போதுதான் முடியைச் சுருளாக்கும் மருந்து பூசியிருந்தது; நேரத்துக்கு அலசிவிட வேண்டியது. நான் ஈரத் தலையோடு. நால்வரும் தோட்டத்தில், மோன்ஸ் பட்டியில். வானம் அத்தனை நீலமாக இருந்ததால் யாரும் அதிகம் பேசவில்லை. தேனீக்கள் எங்களுக்குப் பதிலாகப் பேசின.

உள்ளே தொலைபேசி அடித்தது. "கண்ணு அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் போடில்.

எங்கள் கண்கள் அங்கேதான் இருந்தன என்றுதான் நினைத்தோம். ஆனால் கடல் பக்கமிருந்து மூடுபனி வந்தது. அது வருவது தெரியாது. முதலில் படகுத்துறையின் சத்தம் மங்கும். பிறகு தேவாலயக் கோபுரம் இல்லாமல் போகும். பிறகு எதிர்வீட்டுக் கூரை. ஒரு பெருமூச்சு விடும் நேரத்தில் வெயில் அணைந்து, கையிலிருந்த காப்பியின் ஆவி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தில்டே தோளைக் குறுக்கிக்கொண்டாள். நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போடில் ஓடி வந்தார். திரையை விலக்கினார். தொட்டியைத் தூக்கினார். கத்தவில்லை.

"யாரும் காலத் தூக்காதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க."

நின்றோம். பனிக்குள் ரோலர்களும் துண்டுகளுமாகச் சிலைகள்போல. பட்டியின் ஒரு மூலை தரையில் பதியாமல், சின்னப் பள்ளத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த இடுக்கில் ஒரு எலுமிச்சம்பழம் நுழையாது. மோன்ஸ் தட்டையாகித் தன்னை நீர்போல் ஊற்றிக்கொண்டு போயிருந்தான்.

"நான்தான்" என்றாள் லோனே. "நாற்காலிக்கு வெயில் வேணும்னு பட்டியக் கொஞ்சம் நகத்துனேன் போடிலக்கா. கொஞ்சம்தான்…"

"குனி. அப்புறம் அழலாம்."

எல்லோரும் மண்டியிட்டோம். கால் வைக்குமுன் கை வைத்துத் தடவி, தடவிய இடத்தில் முழங்காலை வைத்து. புல் அதற்குள் குளிர்ந்திருந்தது. எங்கோ கப்பல் நீளமாக ஊதியது. "உஸ்" என்றார் போடில். மூச்சை அடக்கிக் கேட்டோம். இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள் யார் எங்கே என்று தெரியவில்லை. ஹென்னியின் தலை மருந்தின் காட்டமான வாசனை மட்டும் இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"நடு வெளியில போகமாட்டான்" என்று போடில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது. "சுவத்த ஒட்டித்தான் போவான். சுவத்த ஒட்டி." செங்கல்லில் தோள் உரசப் போடில் தவழ்ந்தார். செம்பருத்திபோல் பூக்கும், அகல இலை விரித்து வளரும் ஹாலிஹாக் செடிகளின் அடியில் கையை விட்டார். ஒவ்வொரு செடியாக. அப்புறம் அவர் நகரவில்லை.

எடுத்தபோது அவன் சுருளவில்லை. கால்கள் தொங்கின. முட்கள் சீவிய முடிபோல் படிந்திருந்தன. போடில் சட்டையைத் தூக்கி வெறும் வயிற்றில் அவனை வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"வெந்நீர்ப் பை எடுத்துட்டு வரவா?" என்றேன்.

"வேணாம். திடீர்ச் சூடு ஆகாது. ஒடம்புச் சூடுதான். மெதுவா."

"குத்தலையா அக்கா?" என்று கேட்டாள் தில்டே.

"இன்னும் இல்ல கண்ணு" என்றார். "குத்துனாத்தான் நல்லது."

உள்ளே வந்ததும் அவருக்கு உறைத்தது. "ஹென்னி! மருந்து!"

"எரிஞ்சு ரொம்ப நேரமாச்சு" என்றார் ஹென்னி. "எனக்கென்னடி நாளைக்குக் கல்யாணமா? அவனப் பாரு."

ஒரு கையை வயிற்றில் வைத்தபடி மறு கையால் ஹென்னியின் தலையை அலசினார். முடி இரும்பு நார்போல் நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்த ஹென்னி, "பரவால்ல. இப்ப நானும் அவனும் ஒரே ஜாடை" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு தில்டேயின் ரோலர்களைப் பிரிக்கத் தொடங்கினார் போடில். ஒவ்வொரு சுருளும் விழும்போது நாங்கள் நால்வரும் அவர் முகத்தைப் பார்த்தோம். தலையை லேசாக ஆட்டுவார்: இன்னும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு இல்லை, கடல் இல்லை. உலகம் அந்த ஓர் அறையாக, அந்தத் துண்டின் முடிச்சாகச் சுருங்கிவிட்டது. லோனே மூலையில் ஒரே துவாலையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுருளில் சீப்பு நின்றது.

"ஸ்ஸ்…"

போடில் கண்ணை இறுக மூடினார்.

"ஆ! குத்துறான்" என்றார். "பாவி, நல்லாக் குத்துறான்!"

முதலில் அழுதது தில்டே. அவளைப் பார்த்து லோனே. ஹென்னி, "என் முடிக்கு அவன்தான் பதில் சொல்லணும்" என்று மூக்கைச் சிந்தினார். துண்டை அவிழ்த்தபோது மோன்ஸ் உருண்டையாக, முள்முள்ளாக, புஸ்ஸென்று சீறிக்கொண்டு இருந்தான். இத்தனை கோபமான ஓர் உயிரை இத்தனை பேர் சுற்றி நின்று கொண்டாடி நான் பார்த்ததில்லை. அவனை விளக்குச் சூடு படும் கூண்டில் விட்டார் போடில். கம்பளித் துணிக்குள் புகுந்து முதுகைக் காட்டிக்கொண்டான்.

"இனிமே வெளிய விடாதீங்கக்கா" என்றாள் லோனே. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அந்தப் பள்ளத்துல மண்ணு போட்டு மேடாக்கணும்" என்றார் போடில். "திங்கக்கெழம வெயில் வருதாம்."

கண்ணாடியின் முன் நின்று சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். வெளுத்த வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். லோனே மருந்துக் குழாயைத் திறந்து நீட்டினாள். போடில் அதை வாங்கி, மூடி, அலமாரியில் வைத்தார். பிறகு சட்டையை மெல்ல இறக்கி, அந்தப் புள்ளிகளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.