கிளட்ச் அண்ணாவின் முகப்புப் பக்கம்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. வருடக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “கிளட்ச், கிளட்ச்ச மெதுவா விடுங்க” என்று தொண்டை கிழியக் கத்தியதில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. குரியர் கொண்டுவருகிறவர்கூட “கிளட்ச் சார் இருக்காரா?” என்றுதான் கேட்பார். எனக்கு அவர் கிளட்ச் அண்ணா. அவர் மனைவி எனக்கு அக்கா. ஸ்கூலில் இரண்டு கார்கள். ஒன்றில் அவர் சொல்லிக்கொடுப்பார், இன்னொன்றில் அக்கா.

நான் மாடியில் இருக்கிறேன். வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி பேஜ் பில்டர் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும். அதில் படத்தைப் பிடித்து இங்கே இழுக்கலாம், எழுத்தைப் பிடித்து அங்கே தள்ளலாம். ஒன்றும் தெரியாதவர்கூட ஒரே மதியத்தில் ஒரு பக்கத்தை நிறுத்திவிடலாம். இரண்டாம் கட்சி ஒவ்வொரு வரியையும் கையால் எழுதி, அந்த ஒரு ஆளுக்கென்றே தீம், அதாவது பக்கத்தின் தோற்றம், செய்து கொடுக்கும். பக்கம் கண்ணிமைப்பதற்குள் திறக்கும், வேண்டாத சுமை எதுவும் இருக்காது. ஆனால் ஒரு கமாவை மாற்றுவதென்றாலும் எழுதினவரிடம்தான் வந்து நிற்கவேண்டும். நான் இரண்டாம் கட்சி. நின்ற இடமெல்லாம் டெபாசிட் இழக்கிற கட்சி.

கிளட்ச் அண்ணா வெப்சைட் வேண்டுமென்று வந்தபோது இதையெல்லாம் வாய் வலிக்க எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்கம்மா. எனக்கே ஏதாவது மாத்தணும்னு தோணிச்சுன்னா?”

“என்கிட்ட சொல்லுங்க, நான் மாத்தித் தரேன்.”

“அப்ப சாவி உங்க கையில. என் கார எடுக்க நான் மாடி ஏறி வரணும்.”

போனவர் வேறு யாரிடமோ சொல்லி பேஜ் பில்டரில் செய்துகொண்டார். செய்துகொண்டதோடு விட்டிருக்கலாம். மாடி ஏறி வந்து என்னிடமே காட்டி, எப்படி இருக்கிறதென்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் அப்போது அவ்வளவு மோசமாக இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. அவரிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், மார்க்கெட் சந்திப்பில் வண்டியைத் திருப்பும்போது குறுக்கே வந்த சைக்கிள்காரர் மேல் இடித்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் அதை மிதித்தார். மிதித்தது கொஞ்சம் தாமதம் என்பது அவர் கணக்கு. சைக்கிள்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. போலீஸ் வந்து பார்த்துவிட்டு இவர் மேல் தப்பில்லை என்றது. சைக்கிள்காரரே கட்டுப் போட்ட காலோடு, “நான்தாங்க பாக்காம வந்துட்டேன்” என்று சொல்லி அனுப்பினார். ஊரே அவரை விட்டுவிட்டது, அவர்தான் தன்னை விடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு முதுகு வலி வந்தது. எந்த டாக்டருக்கும் பிடிபடாத வலி, காரில் உட்கார்ந்தால் மட்டும் வருகிற வலி. இரண்டு காருக்குமான வகுப்புகளை அக்கா ஒருத்தியே விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எடுத்தாள். மதியச் சாப்பாடும் காருக்குள்தான். கிளட்ச் அண்ணா முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகப்புப் பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

எப்படியெல்லாம் மாற்றினார் என்று சொன்னால் நான் பொறாமையில் பேசுவதாக நினைப்பீர்கள். தலைப்பு இடது பக்கத்திலிருந்து ஓடி வந்தது. பின்னால் ஒரு ஸ்டியரிங் ஓயாமல் சுற்றியது. ஸ்கூல் இருக்கிற இடத்தின் மேப் மேலே ஒன்று, கீழே ஒன்று, வழி தெரியாமல் போய்விடுமோ என்று நடுவில் இன்னொன்று. இத்தனைக்கும் நடுவே ‘வகுப்பில் சேர’ என்ற பட்டன் இன்று இங்கே இருக்கும், நாளை அங்கே இருக்கும், நாளை மறுநாள் போனில் பார்க்கிறவர்களுக்கு எங்குமே இருக்காது. அந்தப் பக்கம் திறந்து முடிப்பதற்குள் வேறு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸே வாங்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் அக்கா மாடிக்கு வந்தாள். பேசிப் பேசிக் குரல் கட்டிப்போயிருந்தது.

“எனக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் குடு. நீ கையால எழுதுவியே, அது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருடமாக நான் எதிர்பார்த்த வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். வேகத்தில் ஆரம்பித்தேன். சுத்தமான நிரல், தேடினால் முதலில் வருவது, போனிலும் அழகாக நிற்பது என்று போய்க்கொண்டே இருந்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். அவரால அதுல கை வெக்க முடியாது இல்ல?”

“முடியாது.”

“ஒரு எழுத்தக்கூட நகத்த முடியாதே?”

“முடியாதுக்கா.”

“அப்ப அதுதான் வேணும்.”

பூட்டு வாங்க வந்தவளிடம் நான் கதவின் வேலைப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“முதுகு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல,” என்றாள் அக்கா. “பயம். கார்ல ஏறினா கை நடுங்குது. அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற வரைக்கும் அவர் எந்திரிக்க மாட்டார். என்னால ரெண்டு காரையும் ஓட்ட முடியாது. இப்படியே போனா ஒரு கார வித்துடணும். வித்துட்டா அவர் அவ்வளவுதான், திரும்ப ஏறவே மாட்டார். பேரு மட்டும்தான் மிச்சமிருக்கும்.”

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

எழுதினேன். தற்பெருமை இல்லை, என் வாழ்நாளில் அப்படி ஒன்றை எழுதியதில்லை. வெள்ளைப் பின்னணி, ஒரு படம், வகுப்பு நேரங்கள், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் சேர்வதற்கான பட்டன். தொட்டால் திறக்கும். பழைய பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை ஏற்றினேன். கிளட்ச் அண்ணா வந்து பார்த்தார். மவுஸைத் தலைப்பின் மேல் வைத்து இழுத்தார். அது அசையவில்லை.

“இத எங்கம்மா புடிச்சு இழுக்கணும்?”

“இழுக்க முடியாதுண்ணா.”

அக்கா வாசற்படியில் நின்று கார் சாவியை அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் மனிதர் காருக்குப் போவார் என்பது எங்கள் திட்டம். அவர் மாடிக்கு வந்தார். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தலைப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது என்றார். அடுத்த நாள் படம் சிரிக்கவில்லை என்றார். காரின் படம் அது. இப்படியே தினமும் வந்தார். அவர் விரலை நீட்டிச் சொல்வார், நான் நகர்த்துவேன். பேஜ் பில்டரை ஒழித்துக்கட்டிவிட்டு நானே பேஜ் பில்டராக உட்கார்ந்திருந்தேன். என் மற்ற வேலைகள் எல்லாம் கிடப்பில் கிடந்தன.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், இதில் அப்படி என்ன இருக்கிறதென்று கேட்டேன்.

“கார்ல தப்பு பண்ணா பண்ணதுதாம்மா,” என்றார். “இதுல பாருங்க, தப்பாப் போச்சுன்னா ஒரு பட்டன், பழையபடி ஆயிடுது.”

அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த இரக்கமெல்லாம் மறுநாள் காலையில், தலைப்புக்குப் பின்னால் ஒரு நிழல் விழவேண்டும் என்று அவர் கேட்கும்வரைதான்.

“அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன். இனிமே ஒரு மாற்றத்துக்கு ஒரு கிளாஸ்,” என்றேன். “எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க, வந்து நிழல் போடறேன். அக்காவ அனுப்பக் கூடாது.”

இதில் பெரிய ஞானோதயம் ஏதும் இல்லை. ஆளைக் கிளப்பினால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நினைத்தபடியே எழுந்து போனார். அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம். கையில் கார் சாவி, முகம் பேயறைந்த மாதிரி.

“சின்ன நிழல் போதும்மா,” என்றார்.

கோடவுனுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்கு அக்கா காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். நாங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். வெகுநேரம் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. யாருக்கு யார் தைரியம் சொல்வது என்றே தெரியவில்லை. கடைசியில் வண்டி குதித்துக் குதித்து எதிர்ச் சுவர் வரை போய் அணைந்தது. “கிளட்ச்” என்றார், மூச்சுக்காற்றில். மாடிக்கு வந்து நிழல் போட்டேன்.

அதன் பிறகு நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், என் பக்கம் கெட்டுப்போகக் கற்றுக்கொண்டது. எழுத்து ஓடி வருவதற்காக ரிவர்ஸ் எடுத்தேன். நடு மேப்புக்காக மேட்டில் நிறுத்தி எடுத்தேன். சுற்றுகிற ஸ்டியரிங் மட்டும் வேண்டாமென்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன்.

“இன்னிக்கு மெயின் ரோட்டுக்குப் போறதா இருந்தேன்,” என்றார் அவர். “அதுக்கு ஸ்டியரிங் சுத்தணும்.”

சுற்றவைத்தேன். பேஜ் பில்டரில் ஒரு நொடியில் வந்துவிடுகிற அசிங்கம் அது. நான் அதை அரை நாள் உட்கார்ந்து கையால் எழுதினேன். என் புத்தி எங்கே போகும், அதையும் சுத்தமாகவே எழுதினேன்.

பிறகு ஒருநாள் காரில் ஏறியதும் அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

“பேஜ்ல பனி பெய்யணும்,” என்றார்.

சினிமாவில் கொட்டுகிற அந்த வெள்ளைப் பனி எங்கள் ஊரில் பெய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. டிரைவிங் ஸ்கூலுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

“மார்க்கெட் சந்திப்பு வழியாப் போலாம்,” என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். சந்திப்பில் எப்போதும்போல ஆளும் வண்டியும் நெருக்கியடித்தன. ஒரு சைக்கிள்கூடப் போயிற்று. “பாத்து” என்று மட்டும் சொன்னார். குரல் சாதாரணமாக இருந்தது. நான் திருப்பினேன், வண்டி திரும்பியது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் தள்ளி ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பனியை எழுத ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாம் ஒரே சீராகக் கொட்டினால் பஞ்சு மூட்டை கிழிந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு துகளும் அதனதன் வேகத்தில், கொஞ்சம் ஆடி ஆடி இறங்கும்படி எழுதினேன். அவருக்குக் காட்டக் கீழே போனபோது அவர் இல்லை. புதிதாகச் சேர்ந்த யாரையோ கூட்டிக்கொண்டு காரில் போயிருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். கடைசியில் வாசலில் மடக்கிப் பிடித்து, பனி பெய்கிறது பாருங்கள் என்றேன். “எங்கம்மா?” என்று வானத்தைப் பார்த்தார். வெப்சைட்டில் என்றேன். “ஓ, அதுவா. யாரும்மா அதெல்லாம் உக்காந்து பாக்குறாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

எனக்கு லைசென்ஸ் வந்தது, அக்காவுக்குக் குரல் வந்தது. இரண்டாவது காரை விற்கும் பேச்சே இல்லை. சரி, இப்போதாவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழைய வெள்ளைப் பக்கத்தைப் போட்டுவிடலாமென்று அக்காவிடம் கேட்டேன்.

“தொடாத,” என்றாள். “மாத்தினா பாக்க வருவார். பாக்க வந்தா உக்காந்துடுவார்.”

ஆகவே அது அப்படியே இருக்கிறது. அடியில் என் பெயரும் இருக்கிறது. அதை எடுக்கவும் அக்கா விடவில்லை.

போன வாரம் ஒரு போன். ஏதோ பெரிய நிறுவனம். பேஜ் பில்டரெல்லாம் பார்த்துச் சலித்துவிட்டார்களாம், கையால் எழுதுகிறவர்களைத் தேடுகிறார்களாம். விசாரித்ததில் என் பெயர் வந்ததாம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“நீங்க பண்ணது ஒண்ணு பாத்தோம், ஒரு டிரைவிங் ஸ்கூல்,” என்றார் அந்த மனிதர் தயங்கித் தயங்கி. “அது பேஜ் பில்டர்தானே? கீழ உங்க பேரத் தப்பாப் போட்டுட்டாங்க போல.”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். கிளட்ச் அண்ணா ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டு, சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க,” என்றேன். “ஒவ்வொரு வரியும் நான் கையால எழுதினதுதான்.”

“அந்தப் பனியுமா?”

“பனியும்தாங்க. நான் எழுதினதுலயே நல்ல வேலை அதுதான்.”