மாமா மாற்றிவைத்த மீன்

அம்மாவின் தம்பி வாயைத் திறந்தாலே பொய் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேங்கிக்காலில் எங்களோடுதான் இருந்தார். ஒருமுறை எனக்குச் சாயம் பூசிய கோழிக்குஞ்சு வாங்கித் தந்தார். அது செத்ததும் ராவோடு ராவாக வேறொன்றை வைத்துவிட்டு, அதேதான் என்று சாதித்தார். பழையது ரோஸ், புதியது பச்சை. அதற்கப்புறமும் அந்த மனுஷனை யார் நம்புவது?

செங்கம் ரோட்டு மீன்கடையிலிருந்து அந்த நுரையீரல் மீனைக் கொண்டுவந்ததும் அவர்தான். விலாங்குபோல நீளம். துடுப்பு என்று பேர், பார்த்தால் நூல்போல நான்கு கால்கள். பின்னிரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றித் தொட்டிக்குள் நடக்கும். அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். கடையில் வேறு மீன் கடித்து, இடது முன்துடுப்பு மட்டும் அடியோடு போயிருந்தது. அதனாலேயே எனக்கு அதன்மேல் உயிர்.

கோடை லீவு முழுக்க கீழ்பென்னாத்தூர் பெரியப்பா வீட்டில் இருந்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினேன். மீனுக்கு நான்கு துடுப்பும் இருந்தன.

"என் மீன் எங்க மாமா?"

"இதான் பாப்பா அது. மொளைச்சிடுச்சு."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "மொளைக்கறதுக்கு அது இன்னா முருங்கக் கொம்பாடா? கொழந்தைகிட்டயும் உன் வேலைய காட்டறியே!"

"அண்ணாமலையார் மேல சத்தியமாக்கா, அதே மீனுதான்."

சத்தியம் வேறயா என்று அப்பா பேப்பரை உதறினார். நான் சாப்பிடாமல் அழுதேன். என் மீனை எங்கே புதைத்திருப்பார் என்று கொல்லையில் மண்ணைக் கிளறினேன். தொட்டியில் இருந்ததோ என்னைக் கண்டதும் கண்ணாடி ஓரம் வந்து, என் மீனைப் போலவே வாயைத் திறந்தது. நன்றாகப் பழக்கிவைத்திருக்கிறார், பலே ஆள், என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு வாய்த் தீனி போடவில்லை.

மறுநாளும் நான் சோற்றைத் தொடாமல் கிடக்க, மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செத்துப்போச்சு பாப்பா. வேற வாங்கி வுட்டேன்."

வீடே நிம்மதியாயிற்று. இப்பவாவது உண்மை வந்ததே என்று அம்மா அவருக்குச் சுடச்சுடத் தோசை வார்த்தாள். நானும் பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.

கல்லூரியில் விலங்கியல் எடுத்த பிறகுதான் அந்த மீனைப் பற்றிப் படித்தேன். நம் கையைப் போலவே அதன் முன்துடுப்பும் தோளில் ஒற்றை எலும்பால் மாட்டியிருக்கிறது. கை கால் உள்ள பிராணிகளுக்கெல்லாம் அது தூரத்துப் பங்காளி. துடுப்பு கடிபட்டுப் போனால், உள்ளிருக்கும் குருத்தெலும்போடு மறுபடி முளைத்துவிடும்.

அன்று தோசை தின்னும்போது மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. உண்மை வெளியே வந்துவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.